ஏ.பி. பக்கிரிசாமி என்கிற கண்டுபிடிப்பாளர்

"யாரு இந்த ஏ.பி. பக்கிரிசாமி?"

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வக்கீல் தனேஷ் போனில் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் இல்லை, சாப்பிட்டாச்சா இல்லை.

விஷ்ணுப்ரியா கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். சுபாங் ஜெயாவில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய ஆய்வுக்கூடம். ஆய்வுக்கூடம் என்பது பெரிய வார்த்தை. ஒரு உலை, இரண்டு மேஜை, சுவரோரம் மூட்டை மூட்டையாகக் கண்ணாடி மணி.

"எங்கப்பா. ஏன்?"

"உங்கப்பாவும் சேந்துதான் கண்டுபிடிச்சாரா? சொல்லவே இல்லையே லா."

"விளையாடாதீங்க தனேஷ். அவரு அஞ்சாவதோட படிப்ப விட்டவரு. இருபத்தொரு வருஷமா நாங்க பாத்துக்கிட்டதே இல்ல."

"அப்ப மூனிக் பேட்டன்ட் ஆபீஸ்ல அவரை ஏன் ரெண்டாவது கண்டுபிடிப்பாளர்னு போட்டிருக்கான்?"

அவர் அனுப்பிய தாளைத் திரையில் திறந்தாள். கண்டுபிடிப்பாளர் ஒன்று: விஷ்ணுப்ரியா. கண்டுபிடிப்பாளர் இரண்டு: ஏ.பி. பக்கிரிசாமி.

சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. அவளுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பது ஒரே பெயர்தான். விஷ்ணுப்ரியா ஏ/பி பக்கிரிசாமி. இந்த நாட்டில் எந்தத் தமிழ்ப் பெண்ணின் ஐசியை எடுத்தாலும் அந்த 'ஏ/பி' இருக்கும். மலாயில் அனாக் பெரெம்புவான். இன்னாரின் மகள். ஜெர்மனியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு குமாஸ்தாவுக்கு அது தெரியவில்லை. சாய்கோட்டைப் பார்த்தான், இரண்டு ஆள் என்று நினைத்தான், 'மகள்' என்ற சொல்லை இனிஷியலாக்கி ஒரு புது மனிதரையே உண்டாக்கிவிட்டான்.

"அடிச்சிட வேண்டியதுதான? எழுத்துப் பிழைதான?"

"நமக்குப் பிழை. அங்க அது ஒரு ஆளு. தப்பா சேத்த ஆளை எடுக்கணும்னா அந்த ஆளே சம்மதிக்கணும், அதான் விதி. இது அவரு பேரு, அவரு உயிரோட இருக்காரு. ஒரு பக்கத் தாள் அனுப்பறேன். 'இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, என் பெயரை நீக்கச் சம்மதிக்கிறேன்.' சத்தியம் பண்ணி, ஓத் கமிஷனர் முத்திரையோட வேணும். ஒப்பந்தம் போடப்போற கொரியாக்காரன் வக்கீல் ரொம்பக் கறார். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

"வராட்டி?"

"திங்கக்கிழமை ஒப்பந்தம் இல்ல."

திங்கட்கிழமை ஒப்பந்தம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் இந்த உலை எரியாது. மூன்று வருட உழைப்பு இந்த மூட்டைகளோடு நின்றுவிடும்.

கப்பலோ எண்ணெய்த் தொட்டியோ, புதுப் பெயிண்ட் பூசும் முன் பழைய துருவை உரித்தாக வேண்டும். அதற்குக் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். மணல் இரும்பில் மோதி உடையும். கண்ணுக்குத் தெரியாத தூளாகும். அடிப்பவனின் நெஞ்சுக்குள் போய் உட்காரும். உட்கார்ந்தது எழுந்து வராது. விஷ்ணுப்ரியா செம்பனை எண்ணெய் ஆலைக் கொதிகலன்களில் மிஞ்சும் கசடை எடுத்தாள். உருக்கினாள். பளிங்காக இறுகுவதற்கு நேரம் கொடுக்காமல் சட்டென்று குளிரவைத்து, கடுகளவு மணிகளாக்கினாள். துருவை உரிக்கும், நெஞ்சைக் கெடுக்கிற பளிங்குத் தூள் வராது. கொரியாவின் ஒரு கப்பல் பெயிண்ட் கம்பெனி அதை உலகம் முழுக்க விற்கத் தயாராக இருந்தது.

நடுவில் ஒரு சாய்கோடு.

*

"அந்த ஆளு கையெழுத்து எதுக்கு?"

அம்மா புஷ்பவல்லி கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் எட்டாவது மாடி. ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு வருஷம் நீ ராவும் பகலும் செத்த. பேரு அந்த ஆளுக்கா? நல்லா இருக்குடி கதை."

"எடுக்கத்தாம்மா போறேன். எங்க இருக்காருன்னு தெரியணும். சித்தப்பாகிட்ட கேக்கட்டுமா?"

"அவனுக்கு என்ன தெரியும். பண்டமாரான். சீனன் மருந்துக் கடைக்குப் பின்னால மூணாவது லோரோங் சந்து. வீரம்மா வீடுன்னு கேளு."

விஷ்ணுப்ரியா அம்மாவையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படி..."

"தெரியும்." அம்மா மறுபடி செருப்பை மாட்டினார். வாசலில் நின்று திரும்பினார். "கையெழுத்த வாங்கிட்டு வந்துரு. அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்காத."

*

புதன்கிழமை காலை. கன்டெய்னர் லோரிகளுக்கு இடையே காரை நுழைத்து நுழைத்து அவள் பண்டமாரான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய். வந்தவளை மேலும் கீழும் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"மூக்கு அப்படியே இருக்கு," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏங்க, எந்திரிச்சு சட்டையப் போடுங்க. உங்க மக வந்திருக்கு."

இதுதான் வீரம்மா. அப்பா இவரோடு போய்விட்ட பன்னிரண்டு வயதில் விஷ்ணுப்ரியா மனதுக்குள் கொம்பும் பல்லும் வைத்து வரைந்திருந்த வீரம்மா.

உள்ளே ஒரு மெஷின் 'புஸ்... புஸ்...' என்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த குழாய் நாற்காலியில் இருந்தவரின் மூக்கில் முடிந்தது. ஐம்பத்தெட்டு வயது என்று கணக்கு சொன்னது. எழுபது என்று கண் சொன்னது. எண்ணெய்ப் பீப்பாயைத் தனியாகத் தூக்கி நிறுத்திய தோள்கள் அவளுக்கு ஞாபகம் இருந்தன. இப்போது சட்டைக்குள் ஹேங்கர்தான் இருந்தது.

"உக்காரும்மா," என்றார் பக்கிரிசாமி. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாசகங்களை நின்றபடியே ஒப்பித்தாள். ஒரு பிழை. ஒரு தாள். கிள்ளான் வரை வர வேண்டும். ஒரு மணி நேர வேலை.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஐசியிலேருந்தும் எடுக்கணுமா?" என்றார்.

"என்னது?"

"எம் பேர."

"இல்ல. ஐசியில அப்படியேதான் இருக்கும். இது வேற."

"சரி, போலாம்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு, என்ன கண்டுபிடித்தாய் எதுவும் இல்லை. அழுவார், கையைப் பிடிப்பார், மன்னிப்புக் கேட்பார், அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று இருபத்தொரு வருடமாகத் தயாராக இருந்தவளுக்கு, திருப்பிக்கொள்ள ஒரு வாய்ப்பும் தராமல் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீரம்மா சின்ன சிலிண்டரைத் தோள்பையில் போட்டு அவர் தோளில் மாட்டினார். "ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். வழியில எங்கயும் தே தாரிக் குடிக்க நிறுத்தச் சொல்வாரு. நிறுத்தாத. இனிப்பு ஆகாது."

*

ஓத் கமிஷனர் நூர் முகம்மதுவின் ஆபீஸ், கிள்ளானில் ஒரு புடவைக் கடைக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. படியேற வேண்டியிருந்தால் பக்கிரிசாமியைத் தூக்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

நூர் முகம்மது மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தாளைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இருபத்தாறு வருஷமா இங்க முத்திர குத்தறேன். 'எனக்குப் பங்கு இருக்கு, எனக்குப் பங்கு இருக்கு'ன்னு சத்தியம் பண்ணத்தான் எல்லாரும் வருவாங்க. இல்லைன்னு பண்ண வந்த மொத ஆளு நீங்கதான் அண்ணே."

பக்கிரிசாமி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது.

"இங்கிலீஷ் தெரியுமா அண்ணே?"

"வேல இங்கிலீஷ் தெரியும். ஸ்டாப், ஸ்டார்ட், டேஞ்சர்."

"அப்ப தமிழ்ல படிச்சுக் காட்டணும். புரிஞ்சுதான் போடறாருன்னு எனக்குத் தெரியணும்." நூர் முகம்மது தாளை விஷ்ணுப்ரியாவிடம் நீட்டினார். "நீங்களே படிங்கம்மா. நான் சரிபாத்துக்கறேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. தாளை வாங்கினாள். மூன்றே வரி.

"பக்கிரிசாமி ஆகிய நான்... இதன் கண்டுபிடிப்பாளர் இல்லை. இதை உருவாக்குவதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. யோசனையாகவோ, உழைப்பாகவோ, நான் எதுவும்..." குரல் ஒரு இடத்தில் தட்டியது. செருமிக்கொண்டாள். "நான் எதுவும் தரவில்லை."

"சரிதானா அண்ணே?"

"சரிதான்."

"நீங்களே உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க."

பக்கிரிசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த முத்திரைக் கட்டையைப் பார்த்துச் சொன்னார்.

"இதுல எனக்கு எந்தப் பங்கும் இல்ல. நான் எதுவும் தரல."

கையெழுத்துப் போட்டார். நூர் முகம்மது முத்திரையை ஓங்கிக் குத்தினார். விஷ்ணுப்ரியா தாளை உறையில் போட்டாள். முடிந்தது. வந்த வேலை முடிந்தது. 

*

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் நெரிசல். ஏ.சி.யின் சத்தமும் சிலிண்டரின் சீற்றமும் மட்டும் கேட்டன.

பேச வேண்டுமே என்று பேசுகிறவர்போல் பக்கிரிசாமி கேட்டார்:

"ஏழுக்கு மூணுதான் போடுறீங்களா இப்ப?"

"ஆமா," என்றாள் பழக்கத்தில். 

பிறகுதான் உறைத்தது. பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்தது. அவள் கவனிக்கவில்லை.

ஏழு பங்கு உருண்டை மணி, மூன்று பங்கு உடைத்த மணி. அதுதான் அந்த விண்ணப்பத்தின் உயிர். உருண்டை மட்டும் போட்டால் இரும்பை வழித்துவிட்டு வழுக்கிக்கொண்டு போகும், பெயிண்ட் ஒட்டாது. உடைத்ததை மட்டும் போட்டால் இரும்பையே தின்றுவிடும். இரண்டும் ஏழுக்கு மூன்றாகக் கலந்தால்தான் சரி. விண்ணப்பம் இன்னும் வெளியாகவில்லை. அந்தக் கணக்கு அவளுக்கும் தனேஷுக்கும் மூனிக்கில் இருப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஏழுக்கு மூணு. இத யாரு சொன்னா உங்களுக்கு?"

பக்கிரிசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சும்மா... யாரோ பேசிக்கிட்டாங்க."

"யாரும் பேச முடியாது. யாருக்கும் தெரியாது."

அவள் பாலத்தைத் தாண்டியதும் ஒரு பேருந்து நிறுத்தத்தில் காரை ஒதுக்கினாள். எஞ்சினை அணைக்காமல் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

பக்கிரிசாமி சிலிண்டர் பையின் வாரைச் சரிசெய்தார்.

"மார்ச் மாசம் யார்டுல டெஸ்ட் பண்ணீங்கல்ல. மூணு பேரு அடிச்சாங்க." மூச்சு. "மூணாவது ஆளு நான்."

மார்ச் மாதம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு யார்டு. துருப்பிடித்த தொட்டி. மூன்று பேர் தலை முதல் மார்பு வரை மூடிய ஹூட் போட்டு, கண்ணுக்கு மட்டும் கண்ணாடி வைத்து, விண்வெளிக்காரர்கள் மாதிரி நின்றார்கள். பத்தடி தூரத்தில் வெள்ளைக் கோட்டும் கையில் அட்டையுமாக அவள். அவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வைத்திருந்தாள். ஆபரேட்டர் மூன்றுக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் மாலை சூப்பர்வைசர் மலாயில் கிறுக்கிக் கொடுத்த குறிப்பு ஞாபகம் வந்தது. 'ஆபரேட்டர் மூன்று சொல்கிறார்: உருண்டை கடிக்கவில்லை. பத்தில் மூன்றை உடைத்துப் போடச் சொல்கிறார்.' அவள் அதை நோட்டில் ஒட்டினாள். ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஒன்பதுக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு, ஆறுக்கு நான்கு என்று ஒரு மாதம் உருட்டினாள். ஏழுக்கு மூன்றில் வந்து நின்றது. 'நிறைய சோதனை செய்ததில் கிடைத்தது' என்று தனேஷிடம் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பிவிட்டாள்.

"நான்தான்னு தெரிஞ்சே அடிச்சீங்களா?"

"கான்ட்ராக்டர் சொன்னான். பக்கிரி, புதுச் சரக்கு ஒண்ணு டெஸ்ட்டு, பண்ற பொண்ணு பேருல உன் பேரும் இருக்குடான்னு. ஊருல ஒரு பக்கிரிசாமியா இருக்கான்? பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்."

"ஹூட்டக் கழட்டியிருக்கலாம்ல?"

"கழட்டியிருந்தா நீ காடிய ஓட்டிக்கிட்டுப் போயிருப்ப. டெஸ்ட்டு நின்னிருக்கும்." லேசாகச் சிரித்தார். "நல்லா அதட்டுன. ஆபரேட்டர் த்ரீ, கீப் டிஸ்டன்ஸ், கீப் டிஸ்டன்ஸ்னு. உங்கம்மா மாதிரியே."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"அப்ப இப்ப பண்ண சத்தியம் பொய்யா? ஒரு ஆபீசர் முன்னால ஏன் பொய் சொன்னீங்க? நான் இத அனுப்ப மாட்டேன். வேற தாள் எழுதுவோம். உங்களுக்குப் பங்கு இருக்குன்னு எழுதுவோம்."

பக்கிரிசாமி பதறிவிட்டார். அன்றைக்கு அவரிடம் அவள் பார்த்த முதல் பதற்றம்.

"ஐயோ வேணாம்மா. அதுல நான் இருந்ததே யாருக்கும் தெரியக் கூடாது. வேணாம்."

அதற்கு மேல் மூச்சு அவரைப் பேச விடவில்லை.

*

மிச்சத்தை வீரம்மா சொன்னார். அவரைப் படுக்கவைத்து, பெரிய மெஷினில் குழாயை மாற்றிவிட்டு, சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே நெஞ்சு போச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு. இனிமே தூசிப் பக்கமே தல வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு. சொக்சோ பென்ஷன் வருது. வேல செய்ய முடியாத ஆளுக்கு வர்ற பென்ஷன். அந்த ஆளு போயி யார்டுல மணல் அடிச்சாருன்னு தெரிஞ்சா?"

"எப்படி உள்ள விட்டாங்க?"

"அய்யாவுன்னு ஒருத்தன், கூட வேல செஞ்சவன். அவன் கார்டுல போனாரு. நான் கத்துனேன். செத்துருவய்யான்னு கத்துனேன். 'பயப்படாத, புதுச் சரக்குல தூசி இல்லியாம், எம் மக செஞ்சது'ன்னாரு." வீரம்மா வெண்டைக்காயை வெறித்தார். "உன் சரக்குல தூசி இல்லதான். பொய் சொல்லக் கூடாது. ஆனா மொத நாள் காலையில நாலு மணி நேரம் பழைய மணல அடிக்கச் சொன்னீங்களாமே?"

விஷ்ணுப்ரியா எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடினாள். அடுப்புத் திண்டு கிடைத்தது.

ஒப்பீடு. எந்தப் புதுப் பொருளைச் சோதித்தாலும் பழையதோடு ஒப்பிட வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வழக்கமான மணல். தூசியை அளக்க வேண்டும். பழையது எவ்வளவு மோசம் என்று எண்ணில் காட்டினால்தான் புதியதன் அருமை தெரியும். அந்தச் சோதனைத் திட்டத்தை எழுதியவள் அவள். கையெழுத்திட்டவள் அவள். வரைபடத்தில் அந்த நான்கு மணி நேரம் செங்குத்தாக ஏறிய ஒரு சிவப்புக் கோடு. கொரியாக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அசந்துபோனார்கள்.

"மத்த ரெண்டு பேருக்கும் ஹூட் நல்லாத்தான் இருந்திச்சு. அய்யாவு ஹூட்டுல கழுத்துப் பட்டி கிழிஞ்சு போயிருந்திச்சாம். இவரு சொல்லல. சொன்னா வெளியில நிறுத்திருவாங்கன்னு சொல்லல. ஏப்ரல்ல இந்த மெஷின் வீட்டுக்கு வந்திச்சு."

"அக்கா..." அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ அழாத. உன்ன அழவைக்கச் சொல்லல. அந்தத் தாள அப்படியே கொடுத்துரு, அதுக்குத்தான் சொல்றேன். அவரு இன்னும் எத்தன மாசமோ. பென்ஷன்ல கை வெச்சா, பொய் சொன்னாருன்னு கேஸ் கீஸ் போட்டா, இந்த மெஷின் வாடகைக்கு நான் எங்க போவேன்? எனக்கும் அவருக்கும் கட்டுன தாலிகூட இல்ல. எந்தத் தாள்லயும் எம் பேரு இல்ல."

தண்ணீர் வேண்டுமா என்று வீரம்மா கேட்டார். விஷ்ணுப்ரியா வாங்கிக் குடித்தாள். அம்மா சொன்னது, டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கிளம்பும்போது அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பக்கிரிசாமி கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. 

"அப்பா."

கண் திறந்தார்.

"நீங்க சொன்ன ஏழுக்கு மூணுதான் கரெக்ட்டு. எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன்."

"தெரியும்," என்றார். "முப்பது வருஷம் அடிச்சவனுக்குத் தெரியாதா. இரும்பக் கடிக்கணும்மா. கடிச்சாத்தான் பெயிண்ட் நிக்கும்."

*

வியாழக்கிழமை முழுவதும் அவள் அந்த உறையைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்குத் தனேஷைக் கூப்பிட்டாள்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அவருக்கு நெஜமாவே ஒரு பங்கு இருந்திருந்தா?"

பங்சாரிலிருந்த தனேஷ் எதையோ மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது.

"இருக்கா?"

"ஒரு பேச்சுக்குன்னு சொன்னேன்."

"இருந்தா அவரும் கண்டுபிடிப்பாளர்தான். பேரு இருக்கணும். ஆனா எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார், என்ன வேலையில இருந்தார், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணும். கொரியாக்காரன் யார்டுக்கே போயி வருகைப் பதிவை எடுத்துப் பாப்பான். ஆறு மாசம் இழுக்கும். அதுக்குள்ள அவன் வேற சரக்கு தேடிக்கிட்டுப் போயிருவான். ஏன் விஷ்ணு, அவரு சத்தியம் பண்ணிட்டாருல்ல?"

"பண்ணிட்டாரு."

"அப்புறம் என்ன?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே டயர்க் கடையில் யாரோ ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேஜை மேல் நோட்டு திறந்திருந்தது. சூப்பர்வைசரின் கிறுக்கல் ஒட்டிய பக்கம். வருகைப் பதிவில் அந்த நாளுக்கு அய்யாவு என்றுதான் இருக்கும். உண்மையை எழுதினால் அதை அவரே மறுக்க வேண்டியிருக்கும், பென்ஷனுக்காக, வீரம்மாவுக்காக. மறுக்கவில்லை என்றால் மூச்சு இழுக்கும் மெஷின் போய்விடும். அனுப்பாமல் இருந்தால் இந்த மணி எந்த யார்டுக்கும் போகாது. கிழிந்த பட்டி போட்ட இன்னொருவன் நாளைக் காலை எட்டு மணிக்கு மணலைத்தான் அடிப்பான்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். அதனால்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் செருப்பைத் தேடியிருக்கிறார்.

நான்கு ஐம்பதுக்கு உறையைத் திறந்தாள். ஸ்கேனரில் தாளை வைத்தாள். கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சம் போய் வந்தது. அனுப்பினாள்.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குத் தனேஷ் பதில் போட்டார். "கிளீன். வாழ்த்துகள். கண்டுபிடிப்பாளர் இனிமே ஒருத்தர்தான்."

*

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோது அம்மா வேலை முடிந்து வந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று சட்னி இரண்டு விதம்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"திங்கக்கிழம ஒப்பந்தம் உண்டுல்ல?"

"உண்டு."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். வெகு நேரமாகக் கேட்க நினைத்ததைத் தோசையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"எப்படி இருக்காரு?"

"மூச்சு வாங்குது. மெஷின் வெச்சிருக்காங்க."

தோசை ஓரம் கருகும் வரை அம்மா அதை எடுக்கவில்லை. பிறகு அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். மகளுக்கு வேறு ஊற்றினார்.

"என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு?"

"இதுல எனக்கு எந்தப் பங்கும் இல்ல, நான் எதுவும் தரலன்னு."

புஷ்பவல்லி தலையாட்டினார். கரண்டியால் மாவை வட்டமாக இழுத்தார்.

"கட்டுன நாள்லேருந்து அந்த ஆளு வாயில வந்த ஒரே உண்மை அதுதான்."

விஷ்ணுப்ரியா வாயைத் திறந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல," என்றாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "காரச் சட்னி கொஞ்சம் போடுங்க."